மெட்டைக் காணோம்

சாக்ஸபோன் கையில் எடுத்து ஓராண்டு ஆன ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேல்களைத் தாண்டியாயிற்று. சின்னச் சின்ன ப்ளூஸ் வாசிக்க வருகிறது. அடுத்த பாடமாக ஆசிரியர் ஒரு ஜாஸ் ஸ்டாண்டர்டை, அதாவது ஜாஸ்காரர்கள் எல்லோரும் வாசிக்கும் ஒரு பாட்டை, சொல்கிறார்: ‘பாடி அண்ட் சோல்’. “இசைத்தாளை அப்புறம் பார்க்கலாம். முதலில் கேள். மெட்டு காதில் ஏறட்டும். வாயால் பாடிப் பார். அதற்குப் பிறகு வாத்தியத்தைத் தொடு.” இசை வாத்தியார்கள் எந்த ஊரில் இருந்தாலும் சொல்வது இதைத்தான்.

மாணவர் தேடுகிறார். முன்வரிசையில் வந்து நிற்பது சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸின் 1939 பதிவு. பியானோ நாலு பார் (நம் ஆவர்த்தனம்போன்ற தாளக் கூறு) வாசித்து வழிவிடுகிறது. டெனர் சாக்ஸபோன் நுழைகிறது. அகலமான, வெதுவெதுப்பான நாதம். முதல் ஓரிரண்டு பார் கையிலுள்ள தாளோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. பிறகு மாணவரின் விரல் தாளில் ஒரு பக்கம் நகர, ஹாக்கின்ஸ் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். சரி, அடுத்த சுற்றிலாவது திரும்பி வருவார் என்று காத்திருந்தால் இன்னும் தொலைவுக்குப் போகிறார். மூன்று நிமிடத்தில் இசைத்தட்டு முடிந்துவிடுகிறது. லேபிளில் பாட்டின் பெயர் இருக்கிறது. உள்ளே பாட்டைக் காணோம்.

இத்தனைக்கும் இந்தப் பாட்டின் பதிவுகளிலேயே மிகப் புகழ்பெற்றது இதுதான். 2004-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நாட்டின் பொக்கிஷமாகக் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஜாஸ் கேட்பவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் தட்டு. மெட்டைக் கற்றுக்கொள்ள வந்தவருக்கு மட்டும் உதவாத தட்டு.

நம் ஊர்க் கச்சேரிப் பழக்கத்தில் சொன்னால் விஷயம் சட்டென்று விளங்கும். கீர்த்தனையைப் பாடுவார்கள், ஒரு வரியை எடுத்து நிரவல் செய்வார்கள், கல்பனாஸ்வரம் பாடுவார்கள், திரும்ப அந்த வரிக்கே வந்து சேர்வார்கள். ஹாக்கின்ஸ் செய்தது என்னவென்றால், கீர்த்தனையைப் பாடவே இல்லை. எடுத்த எடுப்பில் நிரவல், அதோடு மங்களம். சபையில் எல்லோருக்கும் அந்த வரி தெரியும் என்ற நம்பிக்கையில் செய்தது. 1939-ல் நியூயார்க்கில் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. அந்த மெட்டு அப்போது வானொலியிலும் நடனக்கூடங்களிலும் புழங்கிக்கொண்டிருந்தது. எண்பத்தைந்து ஆண்டு கழித்து வேறொரு கண்டத்தில் கைபேசியோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது என்பதை ஹாக்கின்ஸ் எப்படி யோசித்திருக்க முடியும்?

முதலில் பாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். மெட்டைப் போட்ட ஜானி கிரீன் நியூயார்க்கில் 1908-ல் பிறந்தவர். ஹார்வர்டில் பொருளாதாரம் படித்தவர். அப்பாவின் விருப்பப்படி வால் ஸ்ட்ரீட்டில் கொஞ்ச நாள் வேலை பார்த்து, அது ஒட்டாமல் பியானோவுக்குத் திரும்பியவர். ஆங்கில நடிகை கெர்ட்ரூட் லாரன்ஸுக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்தார். அவருக்காக இசையமைத்த பாட்டுதான் இது. அப்போது கிரீனுக்கு வயது 21. வரிகளுக்கு எட்வர்ட் ஹேமன், ராபர்ட் சவர், ஃபிராங்க் ஐட்டன் என்று மூன்று பேர் பெயர் போட்டிருக்கும். அமெரிக்கப் பாட்டுதான், ஆனாலும் முதலில் பேர் வாங்கியது லண்டனில். 1930-லேயே அங்குள்ள நடனக் குழுக்கள் பதிவுசெய்துவிட்டன. அதே ஆண்டு அக்டோபரில் பிராட்வேயில் ‘த்ரீஸ் எ க்ரவுட்’ என்ற நிகழ்ச்சியில் லிபி ஹோல்மன் பாடினார். பாட்டு அமெரிக்காவையும் பிடித்துக்கொண்டது.

கிரீன் பின்னாளில் ஹாலிவுட்டில் எம்ஜிஎம் நிறுவனத்தின் இசைத் துறையை நடத்தினார், ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’, ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’, ‘ஆலிவர்!’ படங்களுக்காக ஆஸ்கர் வாங்கினார். அத்தனை பெரிய வாழ்க்கையில், 21 வயதில் எழுதிய இந்த 32 பார்தான் அவர் பெயரை இன்றும் மூலை முடுக்கெல்லாம் இழுத்துச் செல்கிறது.

அந்த 32 பாரின் அமைப்பு எளிது. எட்டு பார் ஒரு மெட்டு, அதே மெட்டு மறுபடி எட்டு, நடுவில் வேறொரு எட்டு, கடைசியில் முதல் மெட்டே இன்னொரு எட்டு. அந்தக் காலத்துப் பிராட்வே பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த அச்சில் வார்த்தவைதான். நடுவில் வரும் எட்டைப் பிரிட்ஜ் என்பார்கள்.

இந்தப் பாட்டின் குறும்பு அந்தப் பிரிட்ஜில்தான் இருக்கிறது. வாத்தியக்காரர்கள் பாட்டை வழக்கமாக வாசிப்பது டி-ஃபிளாட் சுருதியில். நம் கணக்கில் ஒன்றரைக் கட்டை. முதல் பதினாறு பார் அங்கே நிம்மதியாக நடக்கிறது. பிரிட்ஜ் வந்ததும் பாட்டு முழுக்க இரண்டு கட்டைக்கு ஏறிவிடுகிறது. நாலு பார் அங்கே. பிறகு ஒரு கட்டைக்கு இறங்குகிறது. அங்கிருந்து அரை அரையாகச் சறுக்கி, எதுவுமே நடக்காததுபோல ஒன்றரைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறது. தம்பூராவை அந்த எட்டு பாருக்குள் மூன்று தடவை மாற்றிச் சுருதி கூட்ட வேண்டியிருந்தால் எப்படி இருக்கும்? பாடுகிறவர் கொஞ்சம் அசந்தாலும் திரும்பி வரும்போது வேறு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

எடுப்பும் சமத்தில் இல்லை. முதல் அடியை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் மெட்டு தொடங்கும். அந்த முதல் பாரில் ஒலிக்கும் கார்டும் (சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்து) ஆதார சுருதியின் கார்டு இல்லை, பக்கத்து வீட்டு மைனர் கார்டு. தடுமாறிக்கொண்டே பேச ஆரம்பிக்கும் ஒருவரின் குரல்போல இருப்பதற்கு இதெல்லாம் சேர்ந்துதான் காரணம். பாட்டின் பொருளும் அதுதான்: தன்னை முழுசாகக் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சொல்லும் வராமல் தவிக்கிறவரின் புலம்பல்.

ஆல்டோ சாக்ஸபோன் மாணவருக்கு இன்னொரு தண்டனை உண்டு. அந்த வாத்தியத்தில் எழுதும் சுருதி வேறு, ஒலிக்கும் சுருதி வேறு. மற்றவர்களுக்கு இரண்டு கட்டையாக இருக்கும் அந்த நாலு பார், ஆல்டோக்காரரின் தாளில் ஐந்து ஷார்ப் போட்ட பி மேஜராக வந்து நிற்கும். டெனர்காரருக்கு நாலு ஷார்ப். இப்படிப்பட்ட இடத்தைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு கடப்பது கஷ்டம். நேராகப் பாடிக் காட்டும் ஒரு குரல், அல்லது நேராக வாசித்துக் காட்டும் ஒரு வாத்தியம் வேண்டும். அலங்காரம் எதுவும் வேண்டாம். எழுதியது எழுதியபடி. கேட்பதற்கு எத்தனை சின்ன ஆசை!

தேடலில் முதல் இடைஞ்சல் பெயர். 1947-ல் ஜான் கார்ஃபீல்டு நடித்த குத்துச்சண்டைப் படம் ஒன்று இதே பெயரில் இருக்கிறது. 1984-ல் ஜோ ஜாக்சன் இதே பெயரில் ஓர் ஆல்பம் போட்டார். 1994-ல் அனிதா பேக்கர் இதே பெயரில் ஒரு பாட்டு பாடினார், அது முற்றிலும் வேறு பாட்டு. தமிழ் எழுத்தில் தேடினால் நிலைமை இன்னும் வேடிக்கை. ‘பாடி’ என்று அடித்ததும் பாடிய பாட்டெல்லாம் வரும், சென்னையில் உள்ள பாடியும் வரும்.

இரண்டாவது இடைஞ்சல் ஹாக்கின்ஸேதான். அந்த 1939 தட்டு ஓடிய ஓட்டத்தில், ஆயுள் முழுக்க மேடைக்கு மேடை அவரிடம் இதைத்தான் கேட்டார்கள். அவரும் திரும்பத் திரும்ப வாசித்தார், திரும்பத் திரும்பப் பதிவானது. ஆகவே “ஹாக்கின்ஸின் பாடி அண்ட் சோல்” என்று ஒருவர் அனுப்பிவைப்பது எந்த ஆண்டுப் பதிவு என்று தேதி பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

அந்த 1939 கதையையும் சொல்லிவிட வேண்டும். ஹாக்கின்ஸ் 1934-ல் ஐரோப்பா போனவர், ஐந்தாண்டு அங்கேயே தங்கிவிட்டார். போர் மூளும் நேரத்தில், 1939 கோடையில் நியூயார்க் திரும்பினார். அவர் இல்லாத காலத்தில் ஊரில் புதிய டெனர்காரர்கள் தலையெடுத்திருந்தார்கள். லெஸ்டர் யங் என்ற பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. பழைய புலி என்ன செய்யப்போகிறது என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அக்டோபர் 11 அன்று ஒலிப்பதிவுக்கூடத்தில் நாலு உருப்படிகள் பதிவாயின. அதில் ஒன்று இது. பெரிதாக ஏற்பாடு எதுவும் இல்லை. ஜீன் ராஜர்ஸ் பியானோவில் நாலு பார் வாசித்தார். அதன் பிறகு இரண்டு சுற்று, 64 பார், முழுக்க ஹாக்கின்ஸ். வேறு யாருக்கும் தனிவாசிப்பு கிடையாது. இரண்டாம் சுற்றில் மற்ற ஊதுவாத்தியங்கள் பின்னால் நின்று கார்டுகளை நீட்டிப் பிடிக்கின்றன, அவ்வளவுதான்.

மெட்டு இல்லாத அந்தத் தட்டு ஜூக் பாக்ஸ்களில் ஓடு ஓடென்று ஓடியது. சாதாரண ஜனங்கள் காசு போட்டுக் கேட்டார்கள். மெட்டை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்காதா என்று இன்றைய மாணவருக்குத் தோன்றலாம். கேட்டவர்கள் மனதுக்குள் மெட்டைத் தாங்களே பாடிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் சரியான விளக்கமாகத் தெரிகிறது.

ஹாக்கின்ஸ் கைவிடாதது ஒன்று உண்டு: கார்டுகளின் வரிசை. மெட்டு போனாலும் அடியில் ஓடும் அந்தப் பாதை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு கார்டையும் உடைத்து, அதன் சுரங்களில் மேலும் கீழும் ஏறி இறங்குவதுதான் அவர் பாணி. 1944-ல் டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லஸ்பியோடு அவர் ‘ரெயின்போ மிஸ்ட்’ என்று ஒரு தட்டு கொடுத்தார். பெயர் புதிது. கேட்டுப் பார்த்தால் அடியில் ஓடுவது ‘பாடி அண்ட் சோல்’ கார்டுகளேதான். அமெரிக்கக் காப்புரிமை நடைமுறையில் மெட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு, கார்டு வரிசைக்குக் கிடையாது. மெட்டை எடுத்துவிட்டுப் பெயரையும் மாற்றினால் புதுப் பாட்டு. ஜானி கிரீனுக்குக் காசு போகாது. ஜாஸ் உலகத்தில் மெட்டு காணாமல் போவதற்குக் கலைக் காரணங்களோடு இப்படிக் கணக்கு வழக்குக் காரணங்களும் உண்டு.

இன்னும் ஒரு படி மேலே போன கதை இருக்கிறது. எடி ஜெபர்சன் என்ற பாடகர், ஹாக்கின்ஸ் 1939-ல் வாசித்த அந்த வாசிப்புக்கே சுரத்துக்குச் சுரம் வார்த்தை போட்டுப் பாடினார். 1979-ல் மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் குழு இருவருக்கும் அஞ்சலியாக அதைப் பல குரலில் பதிவுசெய்தது. கிரீன் எழுதிய மெட்டை விட்டு ஓடியவரின் ஓட்டமே இன்னொரு பாட்டாகிவிட்டது. ‘எளிமையான பதிவு’ தேடி வந்த மாணவர் இதையும் தெரியாமல் திறந்துவிட்டால், தாள் தப்பா காது தப்பா என்று குழம்பிப்போவார்.

சரி, எங்கேதான் போவது?

முதல் யோசனை, பின்னோக்கிப் போவது. 1930-ல் வெளிவந்த தட்டுகள். பாட்டு அப்போது புதுச் சரக்கு. மெட்டை விற்பதுதான் தட்டின் வேலை. தாள் விற்க வேண்டும், நடனக்கூடத்தில் ஜனங்கள் ஆட வேண்டும். பால் வைட்மன் குழு, ஜாக் ஃபுல்டன் பாட, அந்த ஆண்டே பதிவுசெய்தது. ரூத் எட்டிங் பாடினார், லிபி ஹோல்மன் தானே பாடிய தட்டும் இருக்கிறது. இவற்றில் மெட்டு பத்திரமாக இருக்கும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. நடனக் குழுக்களின் தாளம் ஒரு கட்டுக்குள் நடப்பது. இன்று இந்தப் பாட்டை எல்லோரும் உருகி உருகி மெதுவாக வாசிப்பதைக் கேட்டுப் பழகியவருக்கு, ‘இதுவா அந்தப் பாட்டு’ என்று சந்தேகம் வரும். ஒலியும் மெலிந்திருக்கும். பழைய தட்டின் சரசரப்பு, கீச்சென்ற உச்சங்கள், அடியில் இரைச்சல்.

அதே ஆண்டில் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் லாஸ் ஏஞ்சலிஸில் இதைப் பதிவுசெய்தார். அவர் அப்போதே மெட்டை இழுத்து, நிறுத்தி, மடக்கித் தன் பேச்சாக்கிவிட்டார். ஜாஸ்காரர்கள் மெட்டை விட்டு விலகியது ஏதோ 1939-ல் திடீரென்று நடந்ததல்ல. பாட்டு பிறந்த வருஷமே ஆரம்பித்துவிட்டது. 1938-ல் சூ பெரி என்ற டெனர்காரரும் ராய் எல்டிரிட்ஜ் என்ற டிரம்பெட்காரரும் சேர்ந்து வாசித்ததில், நடுவில் வேகம் இரட்டிப்பாகிப் பாட்டு குதித்து ஓடுகிறது.

இந்த இரண்டு கரைக்கும் நடுவில் ஒரு தட்டு இருக்கிறது. மாணவருக்குக் கையில் கொடுக்க வேண்டியது அதுதான்.

1935 ஜூலை 13. பென்னி குட்மன் கிளாரினெட், டெடி வில்சன் பியானோ, ஜீன் க்ரூப்பா டிரம்ஸ். மூன்றே பேர். பேஸ் வாத்தியம்கூட இல்லை. விக்டர் நிறுவனத்துக்காக அன்று அவர்கள் பதிவுசெய்த பாட்டுகளில் ஒன்று ‘பாடி அண்ட் சோல்’. கிளாரினெட் மெட்டை எடுத்து வருகிறது, பெரிய அலட்டல் இல்லாமல். அங்கங்கே ஒரு சின்ன வளைவு, ஒரு நெளிவு. அது இல்லாவிட்டால் குட்மன் குட்மனாக இருக்க மாட்டார். ஆனால் தாளை வைத்துக்கொண்டு விரலால் பின்தொடர்ந்தால் விரல் தொலைந்துபோகாது. பேஸ் இல்லாததால் வில்சனின் இடது கை இரட்டை வேலை பார்க்கிறது. அடி சுரத்தையும் அதற்கு மேல் பத்தாவது சுரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. அதனால் ஒன்றரையிலிருந்து இரண்டு கட்டைக்கு ஏறும் அந்தத் திருப்பத்தில் தரை எப்படி நகர்கிறது என்பது பளிச்சென்று கேட்கும். பெரிய குழுவின் ஏற்பாட்டில் இது மறைந்துவிடும். இங்கே பியானோவை மறைக்க ஆள் இல்லை. க்ரூப்பாவும் பெரும்பாலும் பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருக்கிறார்.

மெட்டுக்குப் பக்கத்திலேயே வில்சன் கற்பனையாக வாசிக்கும் இடமும் வருவதால், ஒரே தட்டில் மூலமும் உரையும் கிடைத்துவிடுகின்றன. ஒரு தட்டிடம் இதற்கு மேல் கேட்க முடியாது.

அந்தத் தட்டுக்கு இசைக்கு வெளியேயும் ஓர் இடம் உண்டு. குட்மனும் க்ரூப்பாவும் வெள்ளையர், வில்சன் கறுப்பினத்தவர். 1935 அமெரிக்காவில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் இருவகையினரும் சேர்ந்து வாசிப்பது நடந்துகொண்டுதான் இருந்தது. தட்டில் முகம் தெரியாதே! மேடையில் பார்வையாளர் கண்முன் சேர்ந்து உட்காருவதுதான் நடக்காத காரியம். அடுத்த ஆண்டு சிகாகோவில் இந்த மூவரும் அதையும் செய்தார்கள். 1938 ஜனவரி 16 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் குட்மன் நடத்திய புகழ்பெற்ற கச்சேரியிலும் மூவர் குழு இந்தப் பாட்டை வாசித்தது. அந்தப் பதிவும் கிடைக்கிறது. ஆனால் பாடம் படிக்க 1935 தட்டே மேல்.

வார்த்தையோடு வேண்டும் என்பவருக்கு வேறு ஆலோசனை தேவை. உடனே நினைவுக்கு வருவது பில்லி ஹாலிடே. 1940-ல் ஒரு முறையும், 1957-ல் வேறொரு முறையும் பாடியிருக்கிறார். இரண்டாவது பதிவு வந்த ஆல்பத்தின் பெயரே இந்தப் பாட்டின் பெயர்தான். மனதை உருக்கும் பதிவுகள்தான். ஆனால் மெட்டு கற்றுக்கொள்ளப் போகக்கூடாத இடம். மேலேறும் சுரத்தை அவர் பாதியில் மடக்கிவிடுவார். மெட்டு ஒரு முழம் அகலம் என்றால் அவர் ஒரு சாணுக்குள் பாடி முடிப்பார். தாளத்துக்குப் பின்னால் சாய்ந்தபடி, வந்தால் வரட்டும் என்பதுபோல. அவர் பாடுவதைத் தாளில் எழுதினால் அது ஜானி கிரீனுடையதாக இருக்காது, ஹாலிடேயுடையதாக இருக்கும்.

பிராங்க் சினாட்ரா 1947-ல் கொலம்பியாவுக்காகப் பாடியதுதான் குரல் பதிவுகளில் மாணவருக்கு ஏற்றது. ஆக்சல் ஸ்டார்டாலின் தந்திக் கோர்வை பின்னால் மெத்தை போட்டிருக்கிறது. பாபி ஹாக்கெட்டின் டிரம்பெட் இடையிடையே எட்டிப் பார்க்கிறது. சினாட்ரா அந்த வயதில் மெட்டுக்கு மிகவும் மரியாதை வைத்திருந்தார். ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் அடுத்த வாக்கியத்தோடு இணைப்பது ஒன்றுதான் அவர் எடுத்துக்கொண்ட சுதந்திரம். பிரிட்ஜில் சுருதி மாறும் இடத்தைப் பாடிப் பார்க்க நினைப்பவர் இவரோடு சேர்ந்து பத்துத் தடவை பாடினால் போதும். நடைதான் கொஞ்சம் அதிகமாகவே மெதுவானது. மாணவருக்குத் தூக்கம் வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். தெலோனியஸ் மங்க் 1963-ல் வெளிவந்த ‘மங்க்ஸ் ட்ரீம்’ ஆல்பத்தில் தனியாகப் பியானோவில் வாசித்திருக்கிறார். மெட்டு அங்கே அடையாளம் தெரிகிறது, ஆனால் அதைச் சுற்றி வைத்திருக்கும் சுரங்கள் கோணல் கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல. நம்பகம் உண்டு, எளிமை கிடையாது. ஜான் கோல்ட்ரேன் 1960-ல் பதிவுசெய்ததில் பிரிட்ஜின் கார்டுகளையே மாற்றிப் போட்டுவிட்டார். எஸ்பெரான்சா ஸ்பால்டிங் 2008-ல் ஸ்பானிஷில், அதுவும் ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் பாடியிருக்கிறார், கண்டநடை கேட்டு வளர்ந்த காதுக்கு அது ரொம்பவே பிடிக்கும். இவையெல்லாம் இரண்டாம் ஆண்டுப் பாடம்.

இவ்வளவு பேசிய பிறகு ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. நம்பகம் என்றால் எதற்கு நம்பகம்?

அச்சிட்ட தாளுக்கு என்றால், அந்தத் தாளில் 32 பார் மட்டும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு முன்பகுதி இருக்கிறது. ஆங்கிலத்தில் வெர்ஸ் என்பார்கள். நம் நாடக மேடையிலும் பழைய சினிமாவிலும் பாட்டுக்கு முன் தொகையறா பாடுவார்களே, ஏறக்குறைய அந்த இடம். நாடகத்தில் பேச்சிலிருந்து பாட்டுக்குள் நுழைய அது பாலம். நடனக்கூடத்துக்கு வந்தபோது யாரும் அதைச் சுமக்கவில்லை, ஜாஸ்காரர்களும் கழற்றிவிட்டார்கள். ஆக, இன்று மிக ‘நேர்மையாக’ வாசிப்பவர்கூட முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். பழைய தொகையறாக்களைப் போலவே இதையும் கேட்டு ரசிக்க ஒரு சின்னக் கூட்டம் மட்டும் இருக்கிறது.

தாள் என்றால் எந்தத் தாள் என்பதும் ஒரு தொல்லை. மாணவர்கள் கையில் புழங்குவது பதிப்பாளர் அச்சிட்ட மூலத் தாள் அல்ல. 1970-களின் நடுவில் பாஸ்டனில், பெர்க்லி இசைக் கல்லூரி வட்டாரத்தில் சிலர் நூற்றுக்கணக்கான பாட்டுகளைக் கையால் எழுதி, நகலெடுத்து, ‘தி ரியல் புக்’ என்று விற்றார்கள். உரிமைத்தொகை யாருக்கும் கொடுக்கவில்லை. முழுக்கத் திருட்டுப் புத்தகம். இசைக்கருவிக் கடைகளில் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்களாம். ஆனாலும் உலகம் முழுக்க ஜாஸ் படித்தவர்கள் வீட்டில் அது இருந்தது. 2004-ல்தான் ஹால் லெனார்ட் நிறுவனம் முறைப்படி உரிமை வாங்கி வெளியிட்டது. அந்தப் புத்தகத்தில் பல பாட்டுகளின் சுரமும் கார்டும் அன்று பிரபலமாக இருந்த ஏதோ ஒரு பதிவைக் கேட்டு எழுதியவை. ஒரு கலைஞர் ஒரு நாள் தன் மனம்போல் மாற்றியது, அடுத்த தலைமுறைக்கு மூலமாகிவிட்டது. பாடாந்தரச் சண்டை நமக்குப் புதிதா என்ன?

ஒலியின் நம்பகம் என்று இன்னொன்றும் உண்டு. பழைய 78 தட்டுகளை மறுபதிப்பு செய்யும்போது சுழற்சி வேகம் கொஞ்சம் பிசகினாலும் சுருதி ஏறும், இறங்கும். 1960-களில் பல பழைய மோனோ பதிவுகளை மின்னணு முறையில் பிரித்து ‘ஸ்டீரியோ’ என்று விற்றார்கள். கேட்டால் கிணற்றுக்குள் இருந்து வாசிப்பதுபோல இருக்கும். சரசரப்பை நீக்குகிறேன் என்று நாதத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்ட பதிப்புகளும் உண்டு. பழைய தட்டைத் தேடுபவர் கொஞ்சம் சரசரப்பு இருக்கும் பதிப்பையே எடுத்துக்கொள்வது நல்லது. கிளாரினெட்டின் மரம் அதில்தான் கேட்கும்.

புதிய ஒலியில், முழுப் பாட்டும், வார்த்தையோடு வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு 2011 பதிவு ஒன்று இருக்கிறது. மார்ச் 23 அன்று லண்டன் ஏபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் 84 வயது டோனி பென்னட்டும் 27 வயது ஏமி வைன்ஹவுஸும் சேர்ந்து பாடினார்கள். லண்டனில் பேர் வாங்கிய பாட்டு, எண்பது ஆண்டு கழித்து லண்டனுக்கே வந்தது. பென்னட் மெட்டை நேராகப் பிடித்துக்கொண்டு போகிறார். வைன்ஹவுஸ் அவருக்குப் பக்கத்தில் சொல்லை இழுத்து, மென்று, தயங்கிப் பாடுகிறார். அந்தத் தயக்கம் முழுக்கக் கலை அல்ல. அந்த நாளின் காட்சிகள் 2015-ல் வந்த ‘ஏமி’ ஆவணப்படத்தில் இருக்கின்றன. சரியாக வரவில்லை என்று தன்மீதே எரிச்சல்பட்டு நிறுத்துகிறார், பென்னட் அவரைத் தட்டிக்கொடுத்து மறுபடி தொடங்க வைக்கிறார். 2011 ஜூலை 23 அன்று வைன்ஹவுஸ் இறந்துபோனார். அதுவே அவருடைய கடைசி ஒலிப்பதிவானது. அவரது பிறந்தநாளான செப்டம்பர் 14 அன்று தனிப்பாட்டாக வெளியிட்டார்கள். பென்னட்டின் வரிகளை மட்டும் எடுத்துத் தொடுத்தால் மாணவருக்குப் பாதிப் பாடம் கிடைத்துவிடும். ஆனால் அப்படிக் கேட்க யாருக்கும் மனம் வராது.

ஆக, குட்மன் மூவர் ஒரு வாரம், சினாட்ரா ஒரு வாரம். மெட்டு வாயில் ஏறிவிட்டதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. ஹாக்கின்ஸின் 1939 தட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். அவர் வாசிக்க வாசிக்க, அதன் மேலேயே கிரீனின் மெட்டைச் சன்னமாக முணுமுணுக்க வேண்டும். கார்டுகள் மாறாததால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டாது. ஹாக்கின்ஸ் எங்கே மெட்டைத் தொட்டுவிட்டுத் தள்ளிப்போகிறார், எங்கே அதற்குக் குறுக்கே நடக்கிறார் என்பதெல்லாம் அப்போது வரிசையாகக் கேட்க ஆரம்பிக்கும். பிரிட்ஜில் இரண்டு கட்டைக்கு ஏறும்போது மட்டும் கவனம் வேண்டும். ஜீன் ராஜர்ஸின் நாலு பார் முடிந்ததும் எடுக்கலாம், முதல் அடியை விட்டுவிட்டு.